அரிதாரம் கலைந்தது, அச்சம் கலையவில்லை

வாளையாரில் லாரிகள் வரிசை பிடித்து நின்ற காலம் போய்விட்டது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சாவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் எல்லை தாண்டிப் பிழைக்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிமெண்டு ஆலை, கஞ்சிக்கோட்டு இரும்பாலைகள், லாரி ஷெட்டுகள், டீக்கடைகள் என்று எங்கே போனாலும் நம்மவர் குரல் கேட்கிறது.

பொங்கலுக்கு எல்லோருக்கும் லீவு கிடைப்பதில்லை. ஊருக்குப் போக முடியாதவர்கள் இங்கேயே கூடி விழா எடுப்பதுண்டு. காலையில் பொங்கல், மாலையில் கயிறு இழுக்கும் போட்டி, இரவில் நாடகம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் இரவில் ஒரு நாடகம் நடந்தது. பணத்திமிரில் பெற்ற தாயை உதைத்த மகன், ஆட்டக்காரி வீடே கதி என்று கிடந்து, கடைசியில் பெருவியாதி பிடித்துத் தெருத்தெருவாக அலைகிறான். கதை எங்கிருந்து வந்தது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேஷம் கட்டியவர் ஓர் ஆலைத் தொழிலாளி. அவருக்கு மேக்கப் போட்டவர் கட்டட பெயிண்டர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பஞ்சும் ரப்பர் பாலும் சாயமும் வைத்து அவர் செய்த வேலையைப் பார்த்துக் குழந்தைகள் அலறின. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாற்றம் எதுவும் இல்லை, இருந்தும் பொத்திக்கொண்டார்கள். அந்த அளவுக்கு மேக்கப் தத்ரூபமாக இருந்தது. பெயிண்டருக்கு மேடையில் துண்டு போர்த்தினார்கள்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் கை தட்டவில்லை. சுமை இறக்கும் தொழிலாளி அவர். முழுக்கைச் சட்டையின் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக அவர் நினைத்தது உண்டாம். அன்று மேடையில் பார்த்த முகம் அவரைத் தடுத்துவிட்டது. அதற்குப் பின் ஒன்றரை வருஷம் முழுக்கைச் சட்டையிலேயே ஓடியது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

ஒரு நல்ல மேக்கப் ஒரு மனிதனை வைத்தியத்திலிருந்து ஒன்றரை வருஷம் தள்ளி வைத்தது என்றால், அதைப்பற்றி நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

கலையில் குற்றம் இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேக்கப் ஓர் அருமையான கலை. அரிதாரம் என்ற சொல்லே மஞ்சள் நிறக் கனிமம் ஒன்றின் பெயர். அதை அரைத்து முகத்தில் பூசியதால்தான் வேஷம் போடுவதற்கே 'அரிதாரம் பூசுதல்' என்று பெயர் வந்தது. பாலக்காட்டு மாவட்டம் கதகளிக்குப் பேர்போன பூமி. அங்கே ஆட்டக்காரன் மல்லாந்து படுத்திருக்க, 'சுட்டி'க்காரர் அரிசி மாவையும் சுண்ணாம்பையும் குழைத்து மணிக்கணக்கில் அவன் தாடையோரம் அடுக்கடுக்காக வரம்பு கட்டுவார். முகத்தின்மேல் இன்னொரு முகத்தைக் கட்டி எழுப்பும் வித்தை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சினிமாவுக்கும் நாடகத்துக்கும் புண்ணும் தழும்பும் செய்கிற முறை வேறு. ஸ்பிரிட் கம் என்ற பசையைத் தடவி, அதன்மேல் பிய்த்த பஞ்சையோ மெல்லிய காகிதத்தையோ ஒட்டி, அதற்குமேல் ரப்பர் பால் பூசி உலர்த்துவார்கள். கேரளத்து ரப்பர் மரங்களில் வடிகிற அதே பால்தான். கெட்டியாகிவிடாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருப்பதால் கண் எரியும். உலர்ந்த பிறகு நடுவில் கிழித்துவிட்டால் பிளந்த புண். உள்ளே கருஞ்சிவப்பு, விளிம்பில் சிவப்பு, சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள். கடைசியாக ஒரு சொட்டு கிளிசரின் வைத்தால் ஈரம் கசிவது போலவே இருக்கும். கொலோடியன் என்ற திரவத்தைப் பூசினால் அது காய்ந்து சுருங்கும்போது தோலையும் இழுத்துக்கொண்டு பழைய வெட்டுத் தழும்பு போல் குழிந்துவிடும்.

பெரிய படங்களில் நடிகரின் முகத்தை அச்செடுத்து, சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற பொருளில் கன்னம், மூக்கு, நெற்றி என்று தனித்தனியாக வார்த்து ஒட்டுகிறார்கள். தோல் ஒரே நிறமாக இருப்பதில்லை. உற்றுப் பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் நீலமும் புள்ளி புள்ளியாகக் கலந்திருக்கும். அந்தப் புள்ளிகளைக் கடற்பஞ்சால் ஒத்தி ஒத்திக் கொண்டுவருவதில்தான் கைத்திறமை இருக்கிறது.

இந்தத் திறமை வைத்தியத்துக்கே உதவியிருக்கிறது. பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில் தோல் வியாதிகளை மெழுகில் வார்த்து வைத்த ஒரு மியூசியம் இருக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகு அச்சுகள். அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்த ஜூல் பரேட்டா என்பவர் டாக்டர் அல்ல. காகிதக் கூழில் பொம்மைப் பழங்கள் செய்து விற்றவர். அவருடைய கைவேலையைக் கண்ட ஒரு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். கலர் போட்டோ இல்லாத காலத்தில் மாணவர்கள் அந்த மெழுகைப் பார்த்துத்தான் வியாதியை இனம் கண்டார்கள்.

ஆக, உள்ளது உள்ளபடி செய்த தோல் உயிரைக் காக்கும். இல்லாததைச் செய்த தோல்தான் கெடுக்கும்.

ராதாவின் முகம்

1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. திருவாரூர் தங்கராசு எழுதி, எம்.ஆர்.ராதா மேடையில் ஊர் ஊராக நடத்திய நாடகத்தை, கிருஷ்ணன்-பஞ்சு படமாக்கினார்கள். சீமைக்குப் போய்த் திரும்பி, தாயையும் மனைவியையும் மதிக்காத மோகனசுந்தரம், காந்தாவின் பின்னால் போய்ச் சொத்தையெல்லாம் இழந்து, வியாதியஸ்தனாகித் தெருவுக்கு வருகிறான்.

ராதாவின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பணக்காரத் திமிரையும் போலித்தனத்தையும் சாடுவதற்காகவே அவர் அந்த வேஷத்தைக் கட்டினார். தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மறுமணம் செய்து வைக்கும் முடிவு அந்தக் காலத்தில் யாருக்கும் எளிதில் வராத துணிச்சல். அவருடைய குரலையும் கேலியையும் இன்றைக்கும் நம் இளைஞர்கள் பேசிக் காட்டுகிறார்கள்.

ஆனால் ஜனங்கள் அந்தப் படத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போன பாடம் என்ன? திமிர் கூடாது என்பது கொஞ்சம்; தொழுநோய் என்பது பாவத்தின் சம்பளம் என்பது நிறைய. அந்த முகம் மனசில் ஒட்டிக்கொண்டது. தெருவில் ஒரு நோயாளியைக் கண்டால் 'என்ன பாவம் செய்தானோ' என்று கேட்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்ததுதான். சினிமா அதற்கு ஒரு முகம் கொடுத்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2015 பொங்கலுக்கு வந்த 'ஐ' படத்தில் விக்ரமின் உடம்பு கோணி, முகம் கட்டிகட்டியாக வீங்குகிறது. நியூசிலாந்தின் வெட்டா ஒர்க்ஷாப் கம்பெனியார் செய்த மேக்கப். அந்த உழைப்பை யாரும் மெச்சுவார்கள். ஆனால் கதாநாயகன் பழிவாங்கும் விதம் என்ன? ஒவ்வொரு வில்லனையும் கொல்லாமல் விட்டு, உருவத்தைக் கெடுக்கிறான். விகாரமே தண்டனை. 1954-க்கும் 2015-க்கும் இடையே அறுபது வருஷம் ஓடியிருக்கிறது. பஞ்சு போய் சிலிக்கோன் வந்தது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

உண்மை நோய் எப்படி இருக்கும்?

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். தாயைத் திட்டியதாலும் வராது. தகாத உறவாலும் வராது. வைத்தியம் செய்துகொள்ளாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால், மூச்சுத் துளிகள் வழியே பரவக்கூடும். அப்படியே கிருமி நுழைந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை எதிர்த்து நின்றுவிடும். உள்ளே போன கிருமி வெளியே தெரியச் சராசரி ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகும்.

முதல் அடையாளம் புண் அல்ல. வெளிறிய அல்லது சிவந்த ஒரு திட்டு. அதில் உணர்ச்சி இருக்காது. பல சமயம் அந்த இடத்தில் மட்டும் வேர்க்காது; ரோமமும் உதிர்ந்திருக்கும். சாதாரணத் தேமலில் தொட்டால் தெரியும், இதில் தெரியாது. கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் மெல்லத் தொட்டு 'எங்கே தொட்டேன், காட்டு' என்று கேட்பதுதான் சுகாதார ஊழியரின் சோதனை. சந்தேகம் இருந்தால் மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

விரல் அழுகி விழும் என்பதும் கதைதான். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. செருப்பில் ஆணி ஏறினாலும் தெரியாது. அந்தக் காயங்கள் பழுத்துத்தான் விரல் கெடுகிறது. வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் 1940-களின் இறுதியிலிருந்து மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் இதை விளக்கிக் காட்டினார். இரவில் தூங்கும்போது நோயாளியின் விரலை எலி கடித்தால்கூட அவருக்குத் தெரியாது என்று கண்ட பிராண்ட் குழுவினர், நோயாளிகளிடம் பூனை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். பாவத்துக்குப் பரிகாரம் தேடிய ஊரில் அவர்கள் பூனையைக் கொடுத்தார்கள்!

இன்றைக்கு அதுவும் தேவைப்படாத அளவுக்கு மருந்து வந்துவிட்டது. 1980-களில் வந்த கூட்டு மருந்து முறையில் 28 நாளுக்கு ஓர் அட்டை மாத்திரை. லேசான வகைக்கு 6 அட்டை, மற்றதற்கு 12 அட்டை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காசு வாங்குவதில்லை. மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குத் தொற்றாதவராகிவிடுகிறார். 12 அட்டை மருந்தில் ஒன்று தோலைக் கொஞ்சம் கறுக்கச் செய்யும். 'வியாதி முற்றுகிறது' என்று பயந்து பலர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். மருந்து முடிந்தபின் நிறம் நாளடைவில் திரும்பும். ஆகவே நிறுத்தக் கூடாது.

2005-ம் ஆண்டு முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில், தேசிய அளவில் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஒழிந்தது கணக்கில்தான். 2023-லும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அது உலகத்துத் தொகையில் பாதிக்கும் மேல்.

அண்டை வீட்டு நாடகம்

நாம் வேலை பார்க்கும் இந்த மாநிலத்திலும் தொழுநோய் மேடை ஏறியிருக்கிறது. தோப்பில் பாசி எழுதி, கே.பி.ஏ.சி. குழுவினர் நடத்திய 'அஸ்வமேதம்'. 1967-ல் வின்சென்ட் டைரக்ஷனில் சத்யன், ஷீலா நடித்துப் படமாகவும் வந்தது. பாசியின் ஊருக்கு அருகேதான் நூரநாடு தொழுநோய் சானடோரியம். அவர் கதாநாயகி ஒரு பாவமும் செய்யாத இளம்பெண். நோய் வருகிறது, வைத்தியத்தில் குணமாகிறது. குணமாகி வீட்டுக்குப் போனால் வீடு ஏற்கவில்லை. 'ரத்தக்கண்ணீர்' நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 'அஸ்வமேதம்' ஊரைக் கூண்டில் நிறுத்தியது.

பிற்பாடு கேரள அரசு வீடு வீடாகப் போய்த் தொழுநோய் கண்டறியும் இயக்கத்தைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரும் 'அஸ்வமேதம்'தான். ஒரு நாடகத்தின் பெயரை நோய் ஒழிப்புக்கு வைக்க முடிகிறது. நம் நாடகத்தின் பெயரை அப்படி வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

மேக்கப்பின் உதவியாலேயே மனிதர் மனசை மாற்றிய படங்களும் உண்டு. 1980-ல் வந்த 'எலிஃபண்ட் மேன்' என்ற ஆங்கிலப் படத்துக்கு, லண்டன் ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தியிருந்த ஜோசப் மெரிக்கின் உடல் அச்சைப் பார்த்தே மேக்கப் செய்தார்கள். உருவத்தைக் கண்டு முகம் சுளித்த ரசிகன் படம் முடியும்போது தன்னையே நொந்துகொள்கிறான். 2019-ல் வந்த மலையாளப் படம் 'உயரே'. ஆசிட் வீச்சில் முகம் வெந்த பெண் விமானத்தில் பணிப்பெண்ணாகிறாள். தழும்பை மறைக்கவும் இல்லை. அதை வைத்துப் பயமுறுத்தவும் இல்லை.

செய்ய வேண்டியது

சட்டம்கூடக் கொஞ்சம் மாறிவிட்டது. நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க இடம் கொடுத்த 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்றிருந்த பிரிவு 2019-ல் எடுக்கப்பட்டது. தொற்றாத நிலையில் உள்ள தொழுநோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், முதல் வகுப்புகளில் நூற்றுக்கு 75 சலுகை உண்டு. டாக்டர் சர்டிபிகேட்டைக் கவுண்டரில் நீட்ட வேண்டும். நீட்டும்போது பின்னால் நிற்கிறவர் இரண்டடி தள்ளி நின்றால், எந்த மனிதன் அடுத்த முறை நீட்டுவான்? முழுக் கட்டணம் கொடுத்து விடுவான். சர்க்கார் கொடுத்த சலுகையை நம் முகச்சுளிப்பு பறித்துக்கொள்கிறது.

ஆகவே நம் விழாக் கமிட்டியாருக்கும் நாடகக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ரத்தக்கண்ணீர்' போடாதீர்கள் என்பதல்ல. அது நம் நாடக உலகின் சொத்து. ஆனால் திரை விழுந்ததும் வேஷக்காரரை மேடையில் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்க அந்த ரப்பரை உரித்துக் காட்டுங்கள். 'இது பஞ்சு, உண்மை நோய் இப்படி இராது, மாத்திரையில் குணமாகும்' என்று ஒருவர் இரண்டு நிமிஷம் பேசட்டும்.

அதைவிட நல்லது, உண்மை அடையாளத்தை மேக்கப்பில் செய்து காட்டுவது. அது பஞ்சு ஒட்டுவதைவிடக் கடினம். கையில் ஒரு வட்டம் மட்டும் கொஞ்சம் வெளிற வேண்டும். ஓரம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். சுற்றிலும் கிளிசரின் தொட்டு வேர்வை மினுங்க, அந்த வட்டம் மட்டும் பவுடர் போட்டது போல் வறண்டு கிடக்க வேண்டும். பார்த்தவுடன் யாரும் அலற மாட்டார்கள். நடிகர் கொதிக்கும் டீ டம்ளரை அந்த இடத்தில் வைத்து, சுடவில்லையே என்று திகைக்கட்டும். அப்போது கூட்டத்தில் எத்தனை பேர் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள்! அந்தப் பெயிண்டருக்கு அது முடியாத வேலையல்ல.

சுமைத் தொழிலாளியின் கதையையும் முடித்துவிடலாம். ஒரு நாள் பீடி நெருப்பு கையில் விழுந்தது. தோல் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குமேல் மறைக்கப் பயந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். 12 அட்டை சாப்பிட்டார். நடுவில் அறைத் தோழர்கள் இடம் மாறச் சொன்னார்கள், மாறினார். இப்போது அவருக்கு நோய் இல்லை. ஆனால் சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கி நின்றுவிட்டது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பே போயிருந்தால் மடங்காமல் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மூட்டையைப் பிடிக்கும் கைக்கு ஒரு விரல் எவ்வளவு என்பது சுமை தூக்குகிறவருக்குத்தான் தெரியும்.

வாளையார் ஷெட்டுகளிலும் மூணாறு லயங்களிலும் முழுக்கைச் சட்டைக்குள் இன்னும் எத்தனை தேமல்கள் மறைந்திருக்கின்றனவோ! ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு வேலை போய்விடும், அறை போய்விடும் என்ற பயம் இரட்டிப்பு. அந்தப் பயத்தை அவன் தனியாகப் போக்கிக்கொள்ள முடியாது. பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவர்தான் போக்க வேண்டும். 'வா, நானும் வருகிறேன், டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு விரல் மிஞ்சும்.